ஆலை மூடிய பிறகு: வடசென்னையின் பழைய தொழிற்கூடங்களை மறுபடி புழங்க வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புளியந்தோப்பில் வளர்ந்தவர்களுக்கு ‘மில்லு’ என்றால் ஒன்றுதான். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் ஆலை 1876-இல் தொடங்கியது, கர்நாடிக் ஆலை 1881-இல். 1920-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு பி அண்ட் சி மில் ஆனது. என் தாத்தா அங்கே நெசவுப் பிரிவில் பதிலியாகச் சேர்ந்து நிரந்தரமானவர். காலைச் சங்கு ஊதுவதற்கு முன் உலை கொதித்தாக வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் பேசிய கூட்டங்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஏதோ நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

1996-இல் ஆலை மூடியது. வெற்றுக் கொட்டகைகளில் கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். ஒரு பக்கம் கண்டெய்னர்கள் வந்து நின்றன. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காக்கித் துணிக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஓர் ஆலையில் ஒரே ஒரு கொட்டகையாவது நம் பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கும் இடமாக மாறியிருக்கலாமே என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை.

இன்னும் மிச்சம் இருக்கிறது. ராயபுரம் ரயில் நிலையம், துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகள், சால்ட் கோட்டர்ஸ் சரக்கு யார்டு, பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், திருவொற்றியூரின் பழைய தொழிற்சாலைகள். இவற்றில் ஒன்று நாளை காலியாகும்போது என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. குடியிருப்போர் சங்கங்கள், பழைய தொழிலாளர் குடும்பங்கள், கட்டிடக்கலை மாணவர்கள், நல்லெண்ணமுள்ள உரிமையாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய கட்டிடங்களை அளந்தும் பழுதுபார்த்தும் நான் கண்ட வரை, இந்த முயற்சிகள் பெரும்பாலும் வரிசை தப்பியதால்தான் வீணாகின்றன. படம் வரைவது முதலில் வந்துவிடுகிறது. மழையும் மண்ணும் மனிதர்களும் பின்னால் தள்ளப்படுகிறார்கள்.

முதல் படி: எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்

பழையது எல்லாம் பாரம்பரியம் ஆகிவிடாது. தொழில்துறைப் பாரம்பரியத்துக்கென 2003-இல் ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் ஒரு சாசனம் ஏற்கப்பட்டது. ஆலை, பட்டறை, கிடங்கு, மின் நிலையம், போக்குவரத்து அமைப்பு ஆகியவற்றோடு, தொழிலாளர் குடியிருந்த வீடு, கும்பிட்ட கோயில், படித்த பள்ளி ஆகியவற்றையும் அந்தச் சாசனம் பாரம்பரியத்தில் சேர்க்கிறது. நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். ஓர் ஆலையின் முகப்பைவிட அதன் கேட், கேண்டீன், தொழிலாளர் குடியிருப்பு, சங்கக் கூட்டம் நடந்த திடல் ஆகியவற்றுக்குத்தான் அக்கம்பக்கத்தாரின் நினைவில் எடை அதிகம்.

ஒரு தாளில் நான்கே கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இங்கே எது முதன்முதலாக நடந்தது? எந்தக் கட்டுமான முறை இனி எங்கும் கிடைக்காது? யாருடைய வாழ்க்கை இதைச் சுற்றி அமைந்தது? எதை இடித்தாலும் பெரிய இழப்பில்லை? நான்காவது கேள்வியைத் தவிர்க்காதீர்கள். 1980-களில் ஒட்டவைத்த ஆஸ்பெஸ்டாஸ் சரிவுக்கும் 1900-இன் வார்ப்பிரும்புத் தூண்களுக்கும் ஒரே மதிப்பு கேட்டால், அதிகாரி இரண்டையும் மறுத்துவிடுவார்.

ராயபுரத்தை எடுத்துக்கொண்டால் முதல் கேள்விக்கே பதில் வந்துவிடும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. எல்லா இடத்துக்கும் இப்படி ஒரு பிறந்த தேதி இருக்காது. இல்லாவிட்டால் மூன்றாவது கேள்வியில் ஊன்றி நில்லுங்கள்.

இரண்டாம் படி: நிலம் யாருடையது, சட்டம் எங்கே நிற்கிறது

வடசென்னையில் பழைய தொழிற்கூடங்களின் உரிமையாளர் பெரும்பாலும் நான்கு வகை: ரயில்வே, துறைமுகம், மின்வாரியம், தனியார் கம்பெனி. முதல் மூன்றும் பொதுச் சொத்து. அங்கே ஒரு குத்தகை ஒப்பந்தம் சாத்தியம், ஆனால் முடிவெடுப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். ஆகவே எதையும் வாய்மொழியாக விடாதீர்கள், கூட்டம் முடிந்த அன்றே குறிப்பு அனுப்பிவிடுங்கள். தனியார் நிலமானால் வில்லங்கச் சான்றும் நகர நில அளவைப் பதிவும் முதலில் கையில் இருக்கட்டும். மூடிய ஆலைகளில் தொழிலாளர் பாக்கி, வங்கிக் கடன், பங்காளி வழக்கு மூன்றும் சேர்ந்தே கிடக்கும்.

சட்டப் பக்கம் தெரிந்திருக்க வேண்டியவை சில. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழு உண்டு. விளம்பரப் பலகை வழக்கையொட்டி நீதிபதி பத்மநாபன் குழு கொடுத்த பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் 467 கட்டிடங்கள் இருக்கின்றன. உங்கள் கட்டிடம் அதில் உள்ளதா என்று பார்ப்பது ஒரு நாள் வேலை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. கட்டிட அனுமதிக்கு 2019-இன் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள். தொழிற்சாலைப் பகுதி என்று குறிக்கப்பட்ட நிலத்தில் நூலகமோ அரங்கமோ நடத்த நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டியிருக்கும். காசிமேடு, ராயபுரம் கரையோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும்.

அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அதன் பிறகும் அந்தக் கட்டிடம் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. இடிப்பதைத் தடுக்க நீதிமன்றம் போகலாம். உள்ளே விளக்கெரிய வைக்க வேறு வேலை செய்ய வேண்டும், அதைத்தான் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: மழைக்கு முன் கூரை

பணம் வரட்டும், பிறகு பழுதுபார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஒரே ஒரு மழைக்காலம் ஒழுகினால் போதும், கட்டைகளின் முனை உளுத்துவிடும். அனுமதி கிடைத்த முதல் வாரமே செய்ய வேண்டியவை: கூரைக் கால்வாய்களில் இருந்து மண்ணை அள்ளுவது, அடைபட்ட மழைநீர்க் குழாயைத் திறப்பது, உடைந்த மங்களூர் ஓட்டை மாற்றுவது, ஓடு கிடைக்காத இடத்தில் தார்ப்பாய் கட்டுவது. சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி எறியாதீர்கள், வேரோடு செங்கல்லும் வந்துவிடும். அடியில் வெட்டி, வேருக்கு மருந்து வைத்து, காய்ந்த பிறகு எடுத்து, துளையைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

இந்த வட்டாரத்துப் பழைய அலுவலகக் கட்டிடங்களிலும் கிடங்குகளிலும் மெட்ராஸ் டெரஸ் கூரை அடிக்கடி கண்ணில் படும். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திக் கோணவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, திமிசால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். இதன்மேல் சிமெண்ட் கான்கிரீட் கொட்டுவது எளிது, விளைவு மோசம். எடை கூடும், ஈரம் வெளியேற வழியிருக்காது, கட்டை உள்ளுக்குள்ளேயே அழுகும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். கடற்கரைக்கு அருகில் ஒரு பழைய கிடங்கின் உட்சுவரில் சிமெண்ட் பூச்சுக்கு ஒப்புக்கொண்டேன். உரிமையாளருக்கு அவசரம், எனக்கும் எதிர்த்து நிற்கும் துணிவு அப்போது இல்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கூடவே நூறாண்டுச் செங்கல்லின் முகமும் உரிந்து வந்தது. கடல் காற்றில் வரும் உப்பும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தன. நாங்கள் அந்த வழியை அடைத்துவிட்டோம். இன்று எந்த வேலையிலும் முதல் நாளே சுண்ணாம்பை நீற்றப் போட்டுவிடுகிறேன். அது குழியில் எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைச் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள், ஒரு இளைஞரையும் அவர் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இரும்பைப் பற்றி ஒன்று. வார்ப்பிரும்புத் தூண் அழுத்தத்தைத் தாங்கும், வளைவையும் இழுவையையும் தாங்காது. மேலே புதிய தளம் ஏற்றும் எண்ணமிருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் ஒவ்வொரு தூணையும் தட்டி, விரிசல் பார்த்து, மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். சாதாரண வெல்டிங் அதற்கு ஆகாது. சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

நான்காம் படி: பதிவு செய்யுங்கள், ஆட்களிடமிருந்து தொடங்கி

அளவு வரைபடம், ஒவ்வொரு அறைக்கும் புகைப்படம், செல்போனில் எடுத்த படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரி என்று மாணவர்கள் இதை அழகாகச் செய்துவிடுவார்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய மூன்றுக்கும் போய் வாருங்கள்.

ஆனால் கல்லும் இரும்பும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். 1996-இல் 40 வயதாக இருந்த ஒரு தொழிலாளிக்கு இன்று எழுபது வயதளவில் இருக்கும். அவரிடம்தான் முதலில் போக வேண்டும். வீட்டில் உட்கார வைத்து ‘உங்கள் அனுபவம் என்ன?’ என்று கேட்டால் நான்கு வரியில் முடித்துவிடுவார். கட்டிடத்துக்கு அழைத்துப் போய், “ஐயா, கேட்டுல நுழைஞ்சதும் எந்தப் பக்கம் திரும்புவீங்க?” என்று கேளுங்கள். கால் தானாக நடக்கும். டோக்கன் வாங்கிய சன்னல், மேஸ்திரி நின்ற இடம், கஞ்சி குடித்த திண்ணை, பஞ்சுத் தூசி கண்ணை மறைத்த மூலை எல்லாம் வரிசையாக வரும். ஒருமுறை ஒரு பெரியவர் வெறும் தரையில் நின்று கைகளால் தறியை ஓட்டிக் காட்டினார். தரையில் இருந்த நான்கு ஆணித் துளைகள் எதற்கு என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தத் துளைகளை வரைபடத்தில் நாங்கள் குறிக்கவே இல்லை.

பெண்களையும் கேளுங்கள். அலுவலகப் படிவங்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள். சோற்றுக்கூடை சுமந்தவர்களும், வேலைநிறுத்தக் காலத்தில் அடகு வைத்துக் குடும்பம் ஓட்டியவர்களும் அவர்கள்தான். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு சாதிவாரியாகப் பிளந்து கலவரமானது. அந்தக் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். ஒரு தரப்பின் கதையை மட்டும் சுவரில் எழுதினால் மறு தரப்பு உள்ளே வராது.

இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போவதற்கு முன் ஒன்றையாவது அதன் இடத்திலேயே நிறுத்தி வையுங்கள். ஒரு கொதிகலனோ, பெல்ட் ஓடிய உருளைத் தண்டோ போதும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகும் குழந்தைகள் எதைத் தொட்டுப் பார்க்க ஓடுகிறார்கள் என்று கவனித்தால் காரணம் விளங்கும்.

ஐந்தாம் படி: மண்ணைச் சோதியுங்கள்

எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின் நிலையம் என்றால் சாம்பலும், குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸும், பழைய மின்மாற்றி எண்ணெயும். ஆலை என்றால் சாயமும் வெளுப்பு ரசாயனமும். ரயில் ஷெட் என்றால் டீசலும் கிரீஸும். தண்டையார்பேட்டையில் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோலிய வாடை வந்த கதை ஊருக்கே தெரியும். 2017-இல் மூடப்பட்ட 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் போன்ற இடமென்றால் சாம்பலுக்குத் தீர்வு சொல்லாமல் பூங்கா என்று பேசவே கூடாது.

எங்கே எந்த வேலை நடந்தது என்ற பட்டியல் நான்காம் படியிலேயே முதியவர்களிடம் கிடைத்திருக்கும். அந்த இடங்களில் துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்ந்த நிலையில் உடைக்கக் கூடாது. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, சுற்றிக் கட்டி அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கான மையம் இருக்கிறது. இந்த வேலையை அன்றாடக் கூலிக்கு வரும் ஆளிடம் முகக்கவசம்கூட இல்லாமல் கொடுப்பது பாவம்.

எல்லா மண்ணையும் அள்ளி அகற்ற வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985-இல் மூடிய இரும்பாலையைப் பீட்டர் லாட்ஸ் பூங்காவாக மாற்றினார். மிக மோசமான மண்ணைப் பழைய தொட்டிகளுக்குள் வைத்து மூடினார்கள். மிதமாகக் கெட்டிருந்த பகுதிகளில் செடிகொடிகளை வளரவிட்டு, ஆண்டுகள் போகப் போக மண்ணைத் தேற்றினார்கள். எரிவாயுத் தொட்டி ஒன்றில் இன்று மக்கள் நீர்மூழ்கப் பழகுகிறார்கள்.

ஆறாம் படி: கட்டிடத்துக்குப் பொருந்தும் பயன்பாடு

‘இங்கே ஒரு அருங்காட்சியகம் வைக்கலாம்’ என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். திறப்பு விழா முடிந்த ஆறாம் மாதம் உள்ளே ஒரு காவலாளி மட்டும் இருப்பார். கட்டிடத்தின் உடல்வாகைப் பாருங்கள். சன்னல் குறைந்த, தடித்த சுவர்க் கிடங்கு நாடகத்துக்கும் ஆவணக் காப்புக்கும் பொருந்தும். வெயில் குறைவு, சத்தம் உள்ளேயே நிற்கும். உயரமான கொதிகலன் கூடத்தைத் தளம் போட்டுப் பிரிக்காதீர்கள், அந்த உயரம்தான் அதன் சொத்து. அகன்ற ஒற்றைத்தள நெசவுக் கொட்டகை படிப்பகம், தொழிற்பயிற்சி, விளையாட்டு மூன்றுக்கும் ஆகும்.

ரம்பப்பல் கூரையுள்ள, அதாவது ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் செங்குத்துக் கண்ணாடியுமாகக் கூரை வரிசையாக நிற்கும் கொட்டகைகளில் ஒரு கவனம் தேவை. வடக்குப் பார்த்த கண்ணாடி வழியாக நேரடி வெயில் வராமல் வெளிச்சம் மட்டும் வரும் என்பது இங்கிலாந்துக்குச் சரி. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே கத்திரி வெயில் அந்தக் கண்ணாடி வழியாக நேரே உள்ளே இறங்கும். வெளிப்பக்கத் தடுப்புப் பட்டைகளும் மேலே காற்று வெளியேறும் திறப்பும் வைத்த பிறகுதான் பிள்ளைகளை உட்கார வைக்க முடியும். முழுக் கொட்டகைக்கும் ஏ.சி. போட்டால் மின்கட்டணமே அதை மூட வைத்துவிடும்.

மாதிரி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரைக் காட்டுவேன். பழைய டிரம் (பீப்பாய்) தொழிற்சாலை ஒன்றை மாற்றும் பொறுப்பு 1977-இல் லீனா போ பார்தி என்ற கட்டிடக் கலைஞருக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை அங்கே போனபோது குழந்தைகள் ஓடியாடுவதையும், இளைஞர்கள் பந்து உதைப்பதையும், குடும்பங்கள் கூடியிருப்பதையும் அவர் பார்த்தார். ஏற்கெனவே நடப்பது தொடரட்டும் என்று முடிவெடுத்தார். செங்கல் கொட்டகைகளை அப்படியே வைத்து நூலகம், பட்டறை, அரங்கம் ஆக்கினார். விளையாட்டுக்குப் புதிய கோபுரங்கள் பக்கத்தில் எழுந்தன. செஸ்க் பொம்பேயா என்ற அந்த இடத்தில் இன்றும் கூட்டம் குறையவில்லை.

வியாசர்பாடியில் கால்பந்தும், தெருவுக்குத் தெரு கேரம் மன்றமும், ராயபுரத்தில் குத்துச்சண்டையும் யாரும் திட்டம் போட்டு வந்தவை அல்ல. அவற்றுக்குக் கூரைதான் இல்லை. அதேபோல் கொளத்தூரில் 2024-இல் திறந்த, படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகத்துக்கு வரும் இளைஞர்களைப் பாருங்கள். வீட்டில் படிக்க ஒரு மேசை வைக்க இடமில்லாத ஊர் இது.

நிரந்தரத் திட்டத்துக்கு முன் இரண்டு ஆண்டு தற்காலிகமாகத் திறந்து பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் பழைய எரிவாயு ஆலை வெஸ்டர்காஸ்ஃபாப்ரிக்கில் அப்படித்தான் செய்தார்கள். 1990-களில் தற்காலிக நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்து, எது நிலைக்கிறது என்று கண்ட பிறகே முழு வேலையில் இறங்கினார்கள்.

ஏழாம் படி: கை வைக்கும் விதம்

புதியது புதியதாகத் தெரியட்டும், வேண்டாம் என்றால் கழற்ற முடியட்டும். கழிப்பறை, மாடிப்படி, லிஃப்ட் ஆகியவற்றைப் பழைய சுவரைக் குடையாமல் வெளியே தனிக் கோபுரமாக நிறுத்துவது நல்லது. அறை வேண்டுமானால் கொட்டகைக்குள் தனிப் பெட்டியாக வையுங்கள். தீயணைப்பு வழியும் சக்கர நாற்காலிச் சாய்தளமும் முதல் வரைபடத்திலேயே வர வேண்டும்.

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்று சுவரிலேயே கோடு போடுங்கள். மின்பலகை, ஜெனரேட்டர், புத்தக அலமாரி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே. தரை சுண்ணாம்பிலோ கல்லிலோ இருந்தால் கழுவிவிட்டுப் பத்து நாளில் திறந்துவிடலாம்.

எட்டாம் படி: பணமும் பொறுப்பும்

மும்பையைப் பார்த்துப் பயப்படுவது நல்லது. 1991-இல் அங்கே ஆலை நிலத்துக்கென ஒரு விதி வந்தது: மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-இல் அதைத் திருத்தி, ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டும் அந்தப் பங்கீடு என்றார்கள். பொதுவுக்கு வர வேண்டிய பரப்பு சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. பங்கு எவ்வளவு என்பதைவிட, எந்தப் பரப்பில் பங்கு என்று எழுதும் வரியைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

நம் பக்கத்தில் மூன்று ஊற்றுகளைத் தட்டலாம். 2023-இல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் ஒன்று. கம்பெனிகள் சட்டம் 2013-இன் ஏழாம் அட்டவணையில், வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டிடங்களைச் சீரமைப்பதும் சமூகப் பொறுப்புச் செலவாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகள் ஓடுகின்றன, அவர்களிடம் கேட்பது நம் உரிமை. மூன்றாவது, கட்டிடத்தின் சொந்த வருமானம்: ஒரு பகுதி சந்தை வாடகைக்கு, ஒரு பகுதி நிகழ்ச்சிக்கு, மீதி அக்கம்பக்கத்துக்கு இலவசமாக. இந்தப் பங்கீடு குத்தகைப் பத்திரத்திலேயே இருக்கட்டும். நாளை நல்ல மனதுள்ள நிர்வாகி போனாலும் அது நிற்கும்.

நிர்வாகக் குழுவில் பழைய தொழிற்சங்கத்தார், குடியிருப்போர், மாநகராட்சி, உரிமையாளர் நால்வருக்கும் இடம் வேண்டும். கேட் எதிரே முப்பது ஆண்டாக டீ விற்றவருக்கு உள்ளே ஒரு கடை கிடைக்க வேண்டும். பக்கத்துத் தெருவின் வீட்டு வாடகை ஆண்டுதோறும் எவ்வளவு ஏறுகிறது என்று குழு குறித்துவைக்க வேண்டும். ஏற்றம் தாறுமாறாகப் போனால், யாருக்காகத் திறந்தோமோ அவர்களே ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒன்பதாம் படி: ஒவ்வொரு செப்டம்பரிலும்

திறப்பு விழா அன்றே ஒரு பராமரிப்புப் பேரேட்டைத் திறங்கள். செப்டம்பர் முதல் வாரம் கூரைக் கால்வாய் சுத்தம். ஜனவரியில் மழைக்குப் பிந்தைய ஈரக்கசிவுக் கணக்கு. ஏப்ரலில் இரும்புக்குத் துருத் தடுப்புப் பூச்சு. மூன்று ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரும் கையெழுத்தும். கூரைக்கு ஏறும் ஏணி எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.